பிளக்காத பழம்

"சார், புதுசா ஒரு திறன்பேசி வரப்போகுதாம். உள்ளே இருக்கிற செயலி ரொம்ப வேகமாம். தவணையிலே எடுத்துத் தரச் சொல்லி அப்பாகிட்டே கேட்டிருக்கேன்" என்றான் என் பழைய மாணவன். அவன் தந்தை செம்பனைக் குலை வெட்டுகிறவர்.

"வேகம் என்று யாரப்பா சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்!"

இந்த 'எல்லாரும்' 2007-ஆம் ஆண்டிலும் இருந்தார்கள். ஜனவரி 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டினார். உள்ளிருக்கும் செயலி யாருடையது என்பதை மட்டும் ஆப்பிள் சொல்லவில்லை. உடனே ஆரூடம் கிளம்பியது. 2006 முதல் ஆப்பிள் கணினிகளில் இன்டெல் செயலிதானே, இதிலும் அதுதான் என்றனர் சிலர். ஜூன் 29-இல் விற்பனைக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது சாம்சங் செய்து கொடுத்த, ஆர்ம் வகைச் செயலி! அந்த வாய்ப்பை இன்டெல் நழுவவிட்ட கதையை அதன் தலைவர் பால் ஒட்டெலினியே 2013-இல் சொன்னார்.

டுரியானைப் பிளக்காமல் சுளையை எண்ண முடியுமா?

பெற்றோர்களே, போன் முதலில் கடைக்கு வரட்டும். நாலு பேர் வாங்கிப் பயன்படுத்தட்டும். பேட்டரி நிற்கிறதா, சூடேறுகிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். அதிகம் சூடேறினால் எந்தச் செயலியும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆரூடம் சொன்னவர் தவணை கட்ட வரமாட்டார், கட்டப்போவது நாம்தான்.

பையன் தலையைச் சொறிந்தான். "அப்பாகிட்டே கொஞ்சம் பொறுக்கச் சொல்றேன் சார்" என்றான்.