மாயாவி ரசிகர்களே, சந்தா கட்டியாச்சா?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடக்கிற எரிச்சல் இது. இன்னைக்கு இறக்கி வச்சிடறேன்.

சிவகாசின்னா எல்லாருக்கும் வெடி, தீப்பெட்டி, காலண்டர்தான் ஞாபகம் வரும். 1972ல் 'இரும்புக்கை மாயாவி'யோட ஆரம்பிச்ச முத்து காமிக்ஸும், 1984ல் எஸ்.விஜயன் தொடங்கின லயன் காமிக்ஸும் அதே ஊர் சரக்குதான். இதைச் சொன்னா போதும், விருதுநகர்ல அம்பது வயசு தாண்டின அண்ணாச்சிங்க உருகிடுவாங்க. "அதெல்லாம் ஒரு காலம் தம்பி! லீவு விட்டா மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ..." அரைமணி நேரம் ஓடும். கடைசில கேப்பாங்க பாருங்க ஒரு கேள்வி: "ஆமா, இப்ப அது வருதா?"

வருது அண்ணாச்சி. நீங்க வாங்கலை, அவ்வளவுதான்.

உடனே அடுத்த அம்பு: "பத்து ரூபா புக்கை நூறு ரூபாயாக்கிட்டாங்களே!" 2012க்கு அப்புறம் நல்ல தாள்ல, கலர்ல வருதுங்கறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்க காஸ்டிங் பாடத்துல இருக்கு. மொழிபெயர்ப்பு, டைப்செட்டிங், பிளேட்டு... ஆயிரம் பிரதி அடிச்சாலும் பத்தாயிரம் அடிச்சாலும் இந்தச் செலவு ஒண்ணுதான். வாங்குற தலை குறைஞ்சா ஒவ்வொரு தலையிலயும் ஏறுற பாரம் கூடும். ஆக, விலையை ஏத்துனதுல விலகிப் போன உங்க பங்கும் இருக்கு!

சந்தா கட்டுறவங்க கதையே வேற. ஹீரோ சரியில்ல, தமிழ் சரியில்ல, கார்ட்டூன் வேணாம்னு ஆசிரியரைப் போட்டு வறுத்து எடுப்பாங்க. வறுக்கட்டுமே. முன்கூட்டி வாங்கின சந்தா பேலன்ஸ் ஷீட்டுல லயபிலிட்டி பக்கம்தான் வரும். கம்பெனி அவங்களுக்குக் கடன்பட்டிருக்கு, கேக்குறாங்க. 2010ல் 'இரத்தப் படலம்' 18 பாகமும் ஒரே புத்தகமா 200 ரூபாய்க்கு வந்ததே, அது இந்த மாதிரி விடாம நச்சரிச்சு, முன்பதிவும் பண்ணினவங்களாலதான். 2018ல் அதையே கலர்லயும் வர வச்சாங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு. பழைய இதழ் ஒண்ணை ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்கி, பாலிதீன் கவர் போட்டு பீரோவுல பூட்டுவாங்க. அதுல ஒரு பைசா சிவகாசிக்குப் போகாது. ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா சுத்த விட்டுட்டு "தமிழ் காமிக்ஸைக் காப்பாத்துறோம்"னு சொல்றவங்களைப் பத்தி... வேணாம், வாயில நல்லா வராது :)

"நீ வாங்குறியாடா?"ன்னு கிளாஸ்ல கேப்பீங்க. மூணு பேர் சேர்ந்து ஒரு சந்தா. யார் முதல்ல படிக்கிறதுங்கறதுலதான் சண்டை.