மனக்கணக்கு வராத தெரு எது?

"அந்தத் தெருப் பசங்களுக்கு மனக்கணக்கு வராது சார். கையில எதையாவது கொடுத்துச் செய்யச் சொன்னாத்தான் புரியும்."

ஆய்வுக்காக நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது ஓர் ஆசிரியர் சொன்னது. வெறுப்பில் சொல்லவில்லை. 'ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கற்றல் பாணி' என்று பயிற்சியில் கேட்டதை வைத்து அக்கறையாகத்தான் சொன்னார்.

அன்று மாலை அதே தெருவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவோடு நடவுக்குப் போனவர்களுக்குக் கூலி பிரித்துக்கொண்டிருந்தான். பதினோரு பேர், நான்கு நாள், அதில் இரண்டு பேர் அரை நாள் வரவில்லை. "மொத்தம் 43 ஆள் கூலி" என்றான். தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

குழந்தைகள் ஒரே மாதிரி கற்பதில்லை என்பது உண்மை. ஆனால் பாணி பார்த்துப் பிரித்துப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, அதுவரை வந்த ஆய்வுகளை அலசிய ஹரால்டு பாஷ்லர் குழுவினர் 2008லேயே சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் இந்தப் பிரிப்புக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்ன குலக்கல்வி. எதிர்ப்பு வலுத்து 1954இல் திட்டம் போனது. 'இவனுக்குக் கை, அவனுக்கு மூளை' என்ற எண்ணம் போகவில்லை.

அந்த எண்ணம் என்ன செய்யும்? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமப்புறத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்துப் பார்த்தார்கள். சாதியைச் சொல்லாதவரை தலித் மாணவர்களும் ஆதிக்கச் சாதி மாணவர்களும் ஏறத்தாழ சமமாகவே விடுவித்தார்கள். எல்லோர் முன்னும் சாதியை அறிவித்ததும் தலித் மாணவர்கள் விடுவித்த எண்ணிக்கை சரிந்தது. புதிரும் மாறவில்லை, மூளையும் மாறவில்லை.

1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில், காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் சமமாக உட்கார்ந்து சாப்பிட்ட தலித்துகளை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்கவைத்தார்கள். அது கொடுமை என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பறைப் பிரிப்போ அக்கறை போலவே தெரிகிறது. அதனால்தான் அதை எதிர்ப்பது கடினம்.

வேறுபாட்டை மதிக்கும் வழி நம்மிடமே இருந்தது. செயல்வழிக் கற்றலில் ஏணி எல்லோருக்கும் ஒன்று, ஏறும் வேகம்தான் அவரவருக்கு. அட்டையும் எல்லோர் கைக்கும் போகட்டும், மனக்கணக்கும் எல்லோரிடமும் கேட்கப்படட்டும். யாருக்கு எது வரும் என்பதைக் குழந்தை காட்டட்டும், தெரு அல்ல.