கட்டி வைத்த மாடு எங்கே ஓடும்?

பொழுதுபடும் நேரம். மாடு காலை உதைக்கிறது, வாலைச் சுழற்றுகிறது, பூவரச மரத்தில் கழுத்தை உரசி மயிரை உதிர்க்கிறது. இடம்பெயர்ந்து வந்து அச்சுவேலிப் பக்கத்தில் இரவல் வளவுகளில் இருக்கும் எமக்கு இது மாரியில் பழகிப்போன காட்சி. உண்ணி என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. சொறி நோயும் இல்லை. அப்படியானால் கடிப்பது கொசுவாக இருக்கலாம். அது நுளம்பு அல்ல. 1 முதல் 3 மில்லிமீற்றர் நீளமே உள்ள இப்பூச்சி சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளாலும் நுழைந்துவிடும். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் காவுவதும் இந்த இனமே.

இக்கடியை அறிஞர்கள் அதிகம் ஆராய்ந்தது குதிரைகளில். கொசுவின் உமிழ்நீர் ஒவ்வாமல் போன குதிரை, பிடரியையும் வாலடியையும் உரசி உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். ஐஸ்லாந்து நாட்டில் நெடுங்காலமாக இக்கொசு இருக்கவில்லை. அங்கே பிறந்து ஐரோப்பாவின் கொசு மிகுந்த இடங்களுக்கு அனுப்பப்பட்ட குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவை இரண்டொரு ஆண்டுகளில் இந்நோய்க்கு ஆளாகின. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளுக்கு இத்தொல்லை மிகக் குறைவு. இடம் மாறிய உயிர் படும் பாட்டை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் நெடுந்தீவிலும் மட்டக் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. வரட்சியில் அவை தண்ணீருக்கு அலைவதுண்டு. ஆனால் கொசு மொய்த்தால் காற்றடிக்கும் வெளிக்குப் போக அவற்றால் முடியும். கட்டையில் நிற்கும் எங்கள் மாட்டால் முடியாது. எனவே கடிக்கு மருந்து தேடுமுன், மாட்டை எங்கே கட்டியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரவல் வளவில் மாட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிணற்றடி வாழைப்பாத்தியின் ஓரம். நானும் அங்கேதான் கட்டினேன். கழிவுநீர், சேறு, சாணம், நிழல் நான்கும் சேர்ந்த அந்த மூலைதான் கொசு முட்டையிட்டுப் பெருகும் இடம். மாட்டை மேடான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிய பின்னரே உரசல் தணிந்தது. கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு. சோளகக் காற்று வீசும் வெளியில் அது நிற்காது.

செய்யக்கூடியவை செலவில்லாதவை. சாணத்தை நாள்தோறும் அள்ளித் தூரத்தில் குவியுங்கள். கழிவுநீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள். கொசு அதிகம் கடிப்பது அந்தியிலும் விடியலிலும் ஆகையால், அவ்வேளைகளில் காற்று வரும் பக்கத்தில் வேப்பங்குழைப் புகை போடுங்கள். கிடுகுக் கொட்டிலுக்கு நெருப்புப் படாத தூரத்தில் போடுங்கள். உரசிய இடத்தைக் குளிர்ந்த சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். தோல் வெடித்தாலோ புழு வைத்தாலோ மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பழைய என்ஜின் ஒயிலும் மண்ணெண்ணெயும் தோலை மேலும் எரிக்கும். தோட்டத்துக்கு அடிக்கும் நாசினியை மாட்டுக்குத் தெளிப்பது அதைவிட ஆபத்து. மாடு உடம்பை நக்கும். நஞ்சு பாலிலும் சேரலாம். அந்தப் பாலைக் குடிப்பவர்கள் எமது பிள்ளைகள்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் வெளியேறியபோது, மாட்டை அவிழ்த்துவிட்டு அழுதபடி நடந்தவர்கள் எம்மில் உண்டு. பின்னர் கடன்பட்டு வாங்கிய ஒரு மாடே இன்று பல வீடுகளின் அன்றாடக் காசு. ஆகவே வளவு தருபவர்களிடமும் மீள்குடியேற்றத் திட்டம் வகுப்பவர்களிடமும் கூச்சப்படாமல் கேட்போம்: வீட்டுக்கும் மலசலகூடத்திற்கும் நிலம் அளக்கும்போது, மாட்டுக்கும் ஒரு மேட்டு நிலத்தை அளந்து தாருங்கள்.