மணமகனின் சரீரம்

உன்னதப்பாட்டில் பேசுகிறவள் ஒரு பெண். பாதிக்கு மேல் அவள் குரல்தான். கறுத்தவள். சகோதரர்கள் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்ப, வெயிலில் காய்ந்த மேனி. ராத்திரியில் காதலனைத் தேடி வீதிகளில் அலைகிறாள். நகரக் காவலர்கள் அடித்து மேலாடையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கடவுளைப் பற்றி வெளிப்படையாக எதுவும் இல்லாத இந்தப் பாட்டை வேதத்துக்குள் வைத்துக்கொள்ளத் திருச்சபை கண்ட வழி தெரிந்ததுதான்: அவள் பெண்ணே அல்ல, சபை. அவன் கிறிஸ்து.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் இதற்கு 10 புத்தகங்களில் வியாக்யானம் எழுதினார். கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு 86 பிரசங்கங்கள் எழுதியும் மூன்றாம் அத்தியாயத்தின் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டார்; 1153இல் காலமானார். காதல் பாட்டைக் காதல் பாட்டாகப் படித்தவர்களுக்கு வேறு கதி. மொப்சுவெஸ்தியா தியோடோர் இறந்து நூறு வருஷத்துக்கு மேலான பிறகு, 553இல், கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் சபிக்கப்பட்டார். இந்தப் பாட்டைப் பற்றி அவர் எழுதியதும் குற்றங்களில் ஒன்று. லூயிஸ் தெ லெயோன் 1572இல் சிறைப்பட்டு நாலு வருஷத்துக்கு மேல் கிடந்ததற்கு, இதை அவர் ஸ்பானிஷில் பெயர்த்ததும் ஒரு காரணம்.

புரொட்டஸ்டண்டுகளும் சளைத்தவர்களல்ல. 1611 ஆங்கில பைபிளின் முதல் அத்தியாயத் தலைக்குறிப்பு, அவள் தன் கறுப்பைச் சொல்லும் இடத்தை, சபை தன் அவலட்சணத்தை ஒப்புக்கொள்வதாகச் சுருக்கியது. எபிரேயத்தில் கறுப்புக்கும் அழகுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் எழுத்து. 'உம்' என்றும் படிக்கலாம், 'ஆனால்' என்றும் படிக்கலாம். கிரேக்கத்தில் 'உம்', லத்தீனில் 'ஆனால்'. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் ஓர் 'ஆலும்' வந்து உட்கார்ந்திருக்கிறது, கறுத்த பெண்கள் வாசிக்கும் பைபிளில்.

ரூபகத்தின்மீது எனக்குப் புகார் இல்லை. சிலுவை யோவான், தன் துறவற சபையினரே அடைத்துவைத்த டோலிடோ சிறையில், 1578இல், இதிலிருந்து கவிதை செய்தார். ஆணாக இருந்துகொண்டு மணமகளாகப் பேசினார். யாரும் அவர் சரீரத்தைச் சோதிக்கவில்லை.

சோதனை வேறிடத்தில் நடந்தது. 1976 அக்டோபர் தேதியிட்டு, ஆறாம் பவுலின் ஒப்புதலோடு, வாடிகன் ஓர் அறிக்கை விட்டது: பெண்கள் குருவாக முடியாது. காரணங்களில் ஒன்று, கிறிஸ்து மணமகன், சபை மணமகள். ஆகவே பீடத்தில் மணமகன் ஸ்தானத்தில் நிற்பவர் ஆணாக இருக்க வேண்டும். 1988இல் இரண்டாம் ஜான் பால் இதைத் திரும்பச் சொன்னார். 1994இல் பேச்சே முடிந்தது என்று கதவைச் சாத்தினார்.

இது எந்த ஊர் அணியிலக்கணம்? சபை முழுதும் மணமகள் என்றால் மேற்றிராணியார், கர்தினால், பாப்பரசர் எல்லோரும் மணமகள்தான். இதில் எவருக்கும் கூச்சமில்லை, ரூபகம் அல்லவா! ஒரு பெண் பீடத்தருகே வந்ததும் ரூபகம் போய் உடற்கூறு சாஸ்திரம் வந்துவிடுகிறது. ஆண் மணமகளாகலாம், பெண் மணமகனாகக் கூடாது. பாட்டில் உடல் இருந்த இடத்தில் ரூபகத்தை வைத்தவர்கள், ரூபகம் இருந்த இடத்தில் உடலைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

அடையாளத்துக்கு இயல்பான ஒப்புமை வேண்டும் என்கிறது அறிக்கை. ஆபத்து வேளையில் ஒரு பெண் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லும். அப்போதும் ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவர்கள் போதனைதான். தண்ணீர் ஊற்றும்போது கிறிஸ்துவின் கையாக இருக்கிற கை, அப்பத்தை எடுத்ததும் வெறும் பெண்ணின் கையாகிவிடுவது எப்படி? அப்பம் மாம்சமாவதை விசுவாசிக்கிறவர்களுக்கு இந்தச் சின்ன ஒப்புமையா கண்ணுக்குப் படாமல் போயிற்று?

மூன்றாம் அத்தியாயத்தில் வரும் நகரக் காவலர்களைச் சபையின் மேய்ப்பர்கள் என்று பெர்னார்டு விளக்கினார். ஐந்தாம் அத்தியாயத்தில் காவலர்கள் அவளை அடிக்கிற இடம்வரை அவர் வந்து சேரவில்லை.