டவர் படுத்தால் பெயர்ப் பட்டியலை யார் கொண்டு வருவது?

 

மாரி வந்தால் நாம் சமைத்த சாப்பாட்டுக்கும் உலர் உணவுக்கும் ஆயத்தமாகிறோம். தகவலுக்கு ஆயத்தமாவதில்லை. கரண்ட் போய் டவரின் பற்றரியும் இறங்கினால் நமது வட்ஸ்அப் குழுமங்கள் அத்தனையும் ஊமைதான்.

1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட மண் இது. சுனாமியில் அம்பாந்தோட்டையின் தொலைபேசிகள் செயலிழந்தபோது, விக்டர் குணதிலக்க உள்ளிட்ட அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான் சிற்றலை ரேடியோவில் கொழும்புக்குத் தொடர்பு கொடுத்தார்கள்.

ஆனால் குரலில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூறு பெயர், அடையாள அட்டை இலக்கம், மருந்தின் அளவு என்று இரைச்சலுக்குள் வாசித்தால் பிழை வரும். 'பக்கெட் ரேடியோ' இதற்குத்தான். செய்தியைச் சிறு பொதிகளாக்கி, ஒவ்வொன்றுடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்பும். பழுதான பொதி திரும்ப அனுப்பப்படும். வேகம் செக்கனுக்கு 1200 பிட் மட்டுமே. படம் அனுப்ப உதவாது. ஒரு பக்கப் பட்டியலுக்குத் தாராளம்.

இதற்குப் புது மெஷின் தேவையில்லை. வாகனத்தில் பூட்டும் பழைய 144 மெகாஹெர்ட்ஸ் செட் ஒன்று, ஒரு பழைய லெப்டொப், ஒரு கார் பற்றரி போதும். ஸ்பீக்கர் ஒலி கணினிக்குள் போகவேண்டும். கணினியின் ஒலி மைக் வழியே செட்டுக்குள் போகவேண்டும். பேசும்போது அமர்த்தும் பொத்தானின் வேலையை ஒரு சின்னத் திரான்சிஸ்டர் செய்யும். 'டயர்வுல்ஃப்' என்ற இலவச மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கவனிக்கவேண்டியது ஒலியளவு. கணினியின் ஒலி மைக்குக்கு மிகக் கூடுதல். ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காவிட்டால் சிதைந்து, ஒரு பொதியும் போய்ச் சேராது. செட்டின் பின்னால் டேட்டா சொக்கெட் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

நமது நிலமும் இதற்குத் தோதானது. வாவியின் இரு பக்கமும் மேடில்லாத சமதரை. உயரமான கம்பத்தில் அன்டெனா கட்டினால் எழுவான்கரையும் படுவான்கரையும் நேரே பேசலாம். மண்முனைப் பாலத்தால் போகமுடியாத நாளிலும் செய்தி போகும்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் அனுப்பக்கூடாது. யுத்த காலத்தில் ரேடியோ செட் என்றாலே நமக்கிருந்த பயம் தெரியும்தானே? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்று, சட்டப்படி செய்வோம்.

ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை என்ன? எழுவான்கரையில் ஒரு முஸ்லிம் பாடசாலை, படுவான்கரையில் ஒரு தமிழ்ப் பாடசாலை என்று இரண்டு செட்டோடு தொடங்குவோம். வந்த செய்தியை ஊருக்குச் சொல்லப் பள்ளிவாசல் ஸ்பீக்கரும் கோயில் ஸ்பீக்கரும் இருக்கின்றன. அவற்றையும் பற்றரியில் இயங்க வைப்போம்.

பழைய செட் வைத்திருப்பவர்கள், சோல்டரிங் தெரிந்த தம்பிமார், பரீட்சை எழுத விருப்பமுள்ள ஆசிரியர்கள் கீழே சொல்லுங்கள். அடுத்த மாரிக்கு முன் ஒரு வரியாவது வாவியைக் கடக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.