காசு நம்முது, பூட்டு அவங்களுது

ராசிபுரத்து அமுச்சி வீட்டு டிவி ஸ்டிக்கில், சந்தா கட்டியிருக்கும் நாடக ஆப் வராது. என் போன் திரையைத்தான் டிவியில் காட்டுகிறேன். போன் வந்தால் நாடகம் நிற்கும். "டிவியிலயே போடு கண்ணு" என்பார் அமுச்சி. எங்கே போட!

குரோம்காஸ்ட்டை அமேசான் விற்கவில்லை என்ற கோபத்தில், 2018 முதல் ஃபயர் டிவியில் யூடியூப் கிடையாது என்றது கூகுள். அப்போது ஃபயர்பாக்ஸ் உலாவிதான் கைகொடுத்தது. 2019 ஜூலையில்தான் ஆப் திரும்பியது. யூடியூபுக்கே இந்தக் கதி. சின்ன ஆப்புக்காக யார் பேசுவார்கள்?

உலாவியாவது, வெளி ஆப் போடும் வசதியாவது எல்லாப் பெட்டியிலும் இருந்தே ஆகணும் என்பது என் கட்சி. 2025-ல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட்டிலோ வெளி ஆப்புக்கான வழியை அடைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காம். திருட்டுப் படம் பார்ப்பவனைத் தடுக்கட்டும், சந்தா கட்டிய அமுச்சிக்கும் ஏனய்யா அதே பூட்டு?