சிரிப்பு யாருக்குச் சொந்தம்?

ஆலையில் எட்டு மணி நேரம் வெந்து வீடு திரும்பும் தொழிலாளி சிரிக்க விரும்புகிறான். கரும்புக் காட்டில் சோகை கிழித்த கைகளோடு கரையேறும் பெண்ணும் சிரிக்க விரும்புகிறாள். இதில் குற்றம் என்ன இருக்கிறது? "சினிமாவும் தமாஷும் எதற்கு? நேரத்தை வீணாக்காதே!" என்று கடிந்துகொள்ளும் தோழர்கள் சிலர் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. உடம்புக்குச் சோறு எப்படியோ, உழைத்துச் சலித்த மனதுக்குச் சிரிப்பு அப்படி. சிரிக்கத் தெரியாத கூட்டம் போராடவும் தெரியாத கூட்டம்.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அந்தச் சிரிப்பால் யாருக்கு லாபம்?

2006-ம் வருஷத்துக்குப் பிறகு சர்க்கார் கொடுத்த இலவசக் கலர் டெலிவிஷன் பெட்டி குடிசைகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. எறையூர் சர்க்கரை ஆலைத் தொழிலாளி வீட்டிலும், சுற்றுப்புறத்தில் கரும்பு வெட்டும் விவசாயத் தொழிலாளி வீட்டிலும் இரவானால் அந்தப் பெட்டிதான் பேசுகிறது. அதில் தமாஷுக்குப் பஞ்சமே இல்லை. கறுப்பாய் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பு. பருத்த பெண்ணைப் பார்த்துச் சிரிப்பு. திக்கிப் பேசுபவனைப் பார்த்துச் சிரிப்பு. வீட்டு வேலைக்காரியைப் பார்த்துச் சிரிப்பு. தோழர்களே, நன்றாக யோசியுங்கள்! அந்தக் கறுப்பன் யார்? அந்த வேலைக்காரி யார்? நம் வீட்டுச் சனங்கள் அல்லவா? நம்மைக் கேலி செய்து, அந்தக் கேலிக்கு நம்மையே சிரிக்க வைக்கிறார்கள்.

இப்படித்தான் சிரிக்க வைக்க முடியுமா? வேறு வழியே கிடையாதா? உண்டு. தமிழ்நாடு அந்த வழியைக் கண்ணால் கண்டது. அந்த வழியில் நடந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

பசியிலிருந்து வந்தவர்

1908-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி, அன்றைய திருவாங்கூர் சமஸ்தானத்தில், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார் கிருஷ்ணன். ஏழைக் குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. டென்னிஸ் ஆடும் கனவான்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். மேடையில் நடப்பதைக் கொட்டகைக்குள் நின்று பார்த்துப் பார்த்தே கலையைக் கற்றார். பிறகு வில்லுப்பாட்டு. அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி.

1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் அவர் நடித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்ட் செய்த படம் அது. குடியின் கேட்டையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்த தமிழனின் பாட்டையும் காட்டிய படம். ஸ்ரீரங்கத்தில் பிறந்த டி.ஏ. மதுரம் அந்த நாட்களில்தான் அவரோடு சேர்ந்தார். மேடையிலும் திரையிலும் வாழ்க்கையிலும் இருவரும் ஜோடி ஆனார்கள். அவர்கள் படங்களில் புருஷன் பெண்சாதி வாய்ச் சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் பல தடவை கடைசிச் சொல் மதுரத்தின் சொல்தான். வாயடைத்து நிற்பவர் கிருஷ்ணன்தான்!

இங்கே தொழிலாளி வர்க்கம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படம் யாரோ ஒரு முதலாளி எடுத்த படமாக இருக்கலாம். கதை புராணக் கதையாக இருக்கலாம். ஆனால் நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தம் குழுவை வைத்துத் தாமே உருவாக்கிக் கொடுத்தார். என்ன பேசுவது, எதைக் கேலி செய்வது என்று தீர்மானித்தவர் அவர். அதாவது, தம் தொழிலின் கருவியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அதனால்தான் மூடநம்பிக்கையையும், போலிச் சாமியாரையும், சாதித் திமிரையும், குடியையும் அவரால் கேலி செய்ய முடிந்தது. ஏழையின் கிழிந்த வேட்டியைக் கேலி செய்ய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சிறையும் விடுதலையும்

1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. மறுபடி விசாரித்த சென்னை ஹைகோர்ட் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைவாசம்! அந்த நாட்களில் மதுரம் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் போன்றவர்கள் துணை நிற்க நாடகக் குழுவை நடத்தினார், வழக்கையும் நடத்தினார்.

விடுதலைக்குப் பிறகு பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனுக்குத் திரும்பியது. ஏன்? பாகவதர் மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்து பாடிய ராஜகுமாரன். கிருஷ்ணனோ தெருவில் நம்மோடு நடந்த மனிதர். தம்மில் ஒருவனை ஜனங்கள் மறக்கவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

1949-ல் வந்த 'நல்லதம்பி'க்குக் கதை வசனம் எழுதியவர் சி.என். அண்ணாதுரை. அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய நந்தனார் கோயிலைக் காண ஏங்கினார். கலைவாணரின் கிந்தனோ பள்ளிக்கூடத்தைக் காண ஏங்குகிறான்! சேரிப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து மேலேறுகிறான். கொட்டகையே குலுங்கச் சிரித்தது. ஆனால் சிரிப்புக்கு ஆளானது சேரிப் பையன் அல்ல. அவனைப் படிக்க விடாத ஊர்ப் பெரிய மனிதர்கள்!

அதே படத்தில் விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு தமாஷ் பாட்டு உண்டு. பொத்தானைத் தட்டினால் பலகாரம் பக்கத்தில் வந்து நிற்கும் என்று ஆசை காட்டுவார் கலைவாணர். யந்திரம் வந்தால் உழைப்பவன் பாரம் குறையும் என்பதுதான் அந்தத் தமாஷின் உட்பொருள். இன்று கரும்பு வெட்ட யந்திரமே வந்துவிட்டது. பாரம் குறைந்ததா? கூலி அல்லவா குறைந்தது! யந்திரம் யார் கையில் இருக்கிறதோ அவன் பாரம்தான் குறையும். கலைவாணர் சிரிக்க வைத்த இடத்தில் நின்று நாம் சிந்திக்க வேண்டிய பாடம் இது.

1951-ல் இந்தியத் திரைப்படக் குழு ஒன்று சோவியத் நாட்டுக்குப் போனது. அதில் கலைவாணரும் இருந்தார். பந்து பொறுக்கிய பையன் மாஸ்கோ வரை போய் வந்தார். திரும்பி வந்த பிறகும் வில்லுப்பாட்டை அவர் விடவில்லை. காந்தியின் கதையை வில்லில் பாடினார். 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை டைரக்ட் செய்தார். 1956-ல் 'ராஜா ராணி' படத்தில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாய்ப் பாடிச் சிரித்துக் காட்டினார்.

சம்பாதித்ததை அவர் சேர்த்து வைக்கவில்லை. கேட்டவனுக்குக் கொடுத்தார், கேட்கக் கூச்சப்பட்டவனுக்கும் கொடுத்தார். கடைசி நாட்களில் பணமுடையும் நோயும் வாட்டின. 1957 ஆகஸ்டு 30-ந் தேதி மறைந்தபோது வயது 48. லட்சக்கணக்கானவர்களைச் சிரிக்க வைத்தவர் வீட்டில் பெட்டி நிறையப் பணம் இல்லை. இதைக் கேட்டுப் 'பிழைக்கத் தெரியாதவர்' என்பார்கள் சிலர். பிழைக்கத் தெரிந்த எத்தனையோ பேரின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

காப்பித்தூள் முதலாளியும் ஹாஸ்ய நடிகரும்

கலைவாணர் வாழ்ந்த அதே காலத்தில் அமெரிக்காவில் பிலிப் லோப் என்று ஒரு ஹாஸ்ய நடிகர் இருந்தார். டெலிவிஷன் அந்த நாட்டில் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1949-ல் தொடங்கிய 'தி கோல்ட்பெர்க்ஸ்' என்ற தொடரில், நியூயார்க்கில் வாழும் யூதக் குடும்பம் ஒன்றின் தகப்பனாராக அவர் நடித்தார். ஜனங்கள் அவரை நேசித்தார்கள். நடிகர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர் அவர்.

அது போதாதா? 1950 ஜூனில் 'ரெட் சானல்ஸ்' என்ற புத்தகம் வெளிவந்தது. கம்யூனிஸ்டுகள், கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று 151 கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டு மிரட்டியது. அதில் லோப் பெயரும் இருந்தது. தாம் கட்சி உறுப்பினர் அல்ல என்று அவர் சொல்லியும் பயன் இல்லை. அந்தத் தொடருக்கு விளம்பரப் பணம் கொடுத்தது ஜெனரல் புட்ஸ் கம்பெனி. காப்பித்தூள் விற்பதற்காக அந்தத் தொடரை நடத்தி வந்த கம்பெனி அது. லோப் வேண்டாம் என்றது. தொடரை எழுதி நடித்த கெர்ட்ரூட் பெர்க் என்ற அம்மாள் முதலில் மறுத்து நின்றார். 1951-ல் தொடரே நின்றது. பிறகு தொடர் திரும்பி வந்தது, லோப் வரவில்லை. வேலையும் வருமானமும் போய், 1955 செப்டம்பர் முதல் தேதி, நியூயார்க் ஓட்டல் ஒன்றில் தூக்க மாத்திரைகளை விழுங்கி அவர் உயிரை விட்டார்.

லோப்பிடம் திறமை குறைவா? ஜனங்கள் அவரை வெறுத்தார்களா? இல்லை! அவர் சிரிப்பு அவர் கையில் இல்லை. அது காப்பித்தூள் முதலாளியின் கையில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

நம் வீட்டுப் பெட்டிக்குள் நடப்பதும் இந்த வியாபாரமே. தமாஷ் நமக்கு இலவசம். நம் கண்களை விளம்பரக் கம்பெனிக்கு விற்கிறார்கள். கறுப்பு நிறத்தைக் கேலி செய்த சிரிப்பு அடங்கும் முன்பே, முகத்தை வெளுப்பாக்கும் களிம்புக்கு விளம்பரம் வந்த காலத்தை நாம் மறக்கவில்லை. அப்படிப் பேர்போன ஒரு களிம்பு 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது, வியாபாரம் நிற்கவில்லை. நம்மைப் பற்றி நமக்கே வெட்கம் உண்டாக்கு, பிறகு அந்த வெட்கத்துக்கு மருந்து விற்பனை செய் — இதுதான் அந்தக் கடையின் சூத்திரம்.

இதற்காக நாம் நடிகர்கள்மேல் பாயவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள், கூலிக்கு உழைப்பவர்கள். எழுதிக் கொடுத்ததைப் பேசாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை. தறி முதலாளியுடையது என்றால் துணியும் முதலாளியுடையது.

நாம் செய்ய வேண்டியது

பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை நாம். பாருங்கள், சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சிரிப்பில் அடி வாங்கியவன் யார்? சுரண்டுகிறவனா, சுரண்டப்படுகிறவனா? குழந்தைகளுக்கும் அதைக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் சக மாணவனை நிறத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, அப்பன் செய்யும் வேலையைச் சொல்லிக் கேலி செய்யும் பழக்கம் இந்தப் பெட்டியிலிருந்தும் வருகிறது.

இரண்டாவது, நம் மேடைகள். மே தினத்துக்கும் பொங்கலுக்கும் சங்கங்கள் மேடை போடுகின்றன. அங்கேயும் டெலிவிஷன் தமாஷையே காப்பியடித்து, பெண் வேஷம் கட்டி ஆடி, மனைவியை அடிப்பதை வேடிக்கையாகக் காட்டினால் அது எப்படித் தொழிலாளி மேடை ஆகும்? வில்லுப்பாட்டுக்கு வேண்டியது என்ன? ஒரு வில், ஒரு குடம், ஓர் உடுக்கை, தாளம், நாலு பேர். ஸ்பான்சர் வேண்டாம், விளம்பரக் கம்பெனி வேண்டாம். கூலியில் கமிஷன் பிடிக்கும் மேஸ்திரி இருக்கிறான். கந்துவட்டிக்காரன் இருக்கிறான். சாராயக் கடை இருக்கிறது. சாதித் திமிர் இருக்கிறது. கேலி செய்ய ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது!

ஆலையிலும் வயலிலும் பேச்சிலேயே சிரிக்க வைக்கும் தோழர்கள் எத்தனை பேர்! சோகை சுமக்கும்போது ஒரு சொல் சொல்லிக் கூட்டத்தையே களைப்பு மறக்கச் செய்யும் பெண்கள் எத்தனை பேர்! ஒழுகினசேரிப் பையனும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தான். அவர்களை மேடைக்கு அழையுங்கள். அவர்கள் கையில் வில்லைக் கொடுங்கள்.

அதிகாரம் செய்பவன் கோபத்துக்கு அஞ்சமாட்டான், போலீசைக் கூப்பிடுவான். ஆனால் ஊரே கூடித் தன்னைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்குக் கால் நடுங்கும். அந்தச் சிரிப்பு நம்முடைய சொத்து. அதை யாருக்கும் குத்தகைக்கு விடாதீர்கள்!